லீடர் விட்ட ரசம்

டேய் மொய்தீன், வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு வாடான்னு சொன்னா ஸ்கூல் யூனிஃபார்ம மாட்டிக்கிட்டு வந்து நிக்கிற. பாக்கெட்டுல இருந்த முத்திரையப் பிரிச்செடுத்த தையல் தடம் அப்படியே தெரியுதுடா. பந்தியில எவனாச்சும் உன்ன நிறுத்தி, “தம்பி எத்தனாவது படிக்கிறீங்க”ன்னு கேக்கப் போறான். லோகு, நீ மொதல்ல பைப்படிக்குப் போயி அந்த சென்ட்ட கழுவிட்டு வா. நீ சாம்பார் வாளியோட நடந்தா சாம்பார் மணக்காது, நீதான் மணப்ப. என்னது, பொண்ணுங்க பாக்குமா? யார, உன்னையா? பரிமாறுறவன் மூஞ்சிய கல்யாணத்துல ஒருத்தரும் பாக்க மாட்டாங்கடா. கரண்டியத்தான் பாப்பாங்க.

கிரி, உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ பி.ஈ. முடிச்சவன். நான் ரெண்டாவது வருஷத்துல சுவரேறிக் குதிச்சு ஓடியாந்தவன். இப்ப ரெண்டு பேரும் ஒரே கோடவுன் வாசல்ல ஒரே வண்டிக்கு நிக்கிறோம். நீ பஸ் ரூட்டுல சுத்தி வந்த, நான் குறுக்கால வந்துட்டேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. வண்டியில ஏறுற வரைக்கும்தான் மச்சான் மாப்ளையெல்லாம். ஏறிட்டா நான் சூப்பர்வைசர். அங்க போயி “மச்சான்”னு இளிச்சீங்க, தேங்கா துருவ அனுப்பிருவேன்.

என்ன கேட்ட? முன்னாடி இருந்த சூப்பர்வைசர் ரொம்ப நல்லவராமேவா? யாரு சொன்னா? முக்குல டீ போடுறாரே அவரா? “அந்தத் தம்பி தங்கமான புள்ள”ன்னாரா? தங்கமா இருந்தா கொண்டுபோயி அடகுக் கடையில வைக்கச் சொல்லு.

சரி உக்காருங்க. அந்த அன்னக்கூடையக் கவுத்துப் போட்டு உக்காருடா, ஒடையாது. வண்டி வர இன்னும் நேரமிருக்கு. கண்டவன் வாயில கேக்கறதுக்கு என் வாயிலயே கேட்டுக்கங்க.

எங்க கேட்டரிங் மொதலாளி சாம்பசிவத்தோட அக்கா மகன் அந்த ஆளு. கோகுலகிருஷ்ணன். எம்.பி.ஏ. சென்னையில ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்தாரு. மொதலாளிக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு, எல்லா மண்டபத்துக்கும் ஓட முடியல. அக்கா மகனக் கூப்பிட்டு, “இந்த சீசன் பூரா பசங்கள நீ மேய்ச்சுக் காட்டு. உருப்படியா வந்துச்சுன்னா பாதிக் கல்யாண ஆர்டர உன் கையில விட்டுடறேன்”னாரு. இவரும் நம்பி வேலைய விட்டுட்டு, மாசமா இருந்த சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு திருச்சிக்கு வந்து எறங்கிட்டாரு. எறங்குறதுக்கு முன்னாடி சும்மா வந்தாரா? அதுதான் இல்ல. ஏதோ பெரிய ஹோட்டல்ல தலைமைப் பண்புக்கு கிளாஸு எடுக்கறாங்களாம். அதுக்குப் போயி, ஏசியில உக்காந்து, எப்படி நல்ல லீடரா இருக்கறதுன்னு கத்துக்கிட்டு வந்திருக்காரு. சோறு போடுறதுக்குடா! சோறு போடுறதுக்கு!

அதுவரைக்கும் எங்கள மேய்ச்சது சாம்பசிவமேதான். அவரு மேய்ச்சல் தனி. வாயத் தொறந்தா நம்ம ஆத்தாள விசாரிச்சுட்டுத்தான் அடுத்த பேச்சு. கோவம் வந்தா கரண்டி பறந்து வரும். நாங்க குனிஞ்சுக்குவோம். கரண்டி பின்னாடி சுவத்துல பட்டு விழும். எடுத்துக் கழுவிட்டு அதுலயே பரிமாறுவோம். ஒரு பிரச்சன கெடையாது.

இவரு வந்த மொத நாளே எங்க எல்லாரையும் வட்டமா உக்காரச் சொன்னாரு. “வட்டத்துல மொத ஆளு, கடைசி ஆளுன்னு கெடையாது”ன்னாரு. பந்தின்னா நேரா போடுறதுடா. நாங்க வட்டமா உக்காந்து பழக்கம் சீட்டாடும்போதுதான். ஒருத்தன் பழக்க தோஷத்துல கட்டக் கலைக்கிற மாதிரியே கைய வெச்சுக்கிட்டிருந்தான். கோகுல் சாரு கழுத்த இப்படி, இப்படி ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, “நான் உங்க மொதலாளி இல்ல. உங்க மனசுல என்ன இருக்கோ சொல்லுங்க. நான் கேக்க மட்டும்தான் போறேன்”ங்கறாரு. வாங்க போங்கன்னு வேற. வாழ்க்கையில மொத தடவையா ஒருத்தன் எங்கள வாங்கங்கறான். எவனோ பெரிய ஆளு பின்னாடி நிக்கிறாருன்னு நெனச்சு ரெண்டு பேரு திரும்பிப் பாத்தானுங்க.

அப்பளம் போடுற ஷாகுலு எந்திரிச்சு, “சார், ஃபேன் காத்துல அப்பளம் பறக்குது சார், திட்டு மட்டும் எனக்கு விழுது”ன்னான். இவரு யோசிக்கிறாரு. நல்லா யோசிக்கிறாரு. யோசிச்சுட்டு, “அப்ப, அப்பளம் பறக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு. அப்படித்தானே ஷாகுல்?” அதத்தானய்யா அவன் சொன்னான்! சொன்னதையே திருப்பிச் சொல்றதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ஹோட்டலு. இந்த வேலைய கிளி செய்யும்டா, ரெண்டு நெல்லு போட்டா போதும். அடுத்த கல்யாணத்துக்கு அப்பளத்துக்கு மூடி வெச்ச கூடை வந்துச்சு, அது வேற விஷயம். மூடிபோட்ட கூடை எந்தக் கடையிலயும் கெடைக்கும்.

அன்னைக்கே நான் ஆரம்பிச்சுட்டேன். வண்டியில திரும்பி வரும்போது கழுத்த சாய்ச்சுக்கிட்டு, “அப்ப, உங்களுக்குப் பசிக்குது. அப்படித்தானே?”ன்னேன். வண்டியே குலுங்குச்சு. அப்புறம் அது தெனமும் நடந்துச்சு. ஒருத்தன் தும்முனா, “அப்ப, உங்க மூக்கு உங்ககிட்ட ஏதோ சொல்ல வருது.” ஒருத்தன் கீழ விழுந்தா, “விழுந்தத நாம எல்லாருமா சேந்து புரிஞ்சுக்கலாம்.” பசங்க வயித்தப் புடிச்சுக்குவானுங்க. ஒரு நாளு அப்படி செஞ்சுக்கிட்டிருக்கேன், எதிர்ல ஒருத்தனும் சிரிக்கல. திரும்பிப் பாத்தா பின்னாடி அவரே நிக்கிறாரு.

சாம்பசிவமா இருந்தா செவுளு பிஞ்சிருக்கும். நான் கன்னத்த ரெடி பண்ணிக்கிட்டேன். இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? சிரிச்சாருடா. “கழுத்து பிரமாதம் திவாகர். நெசமாவே நான் அவ்வளவு சாய்க்கிறேனா?”ன்னு கேட்டாரு. மறுநாள்ல இருந்து கழுத்து நேரா நிக்குது! எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். மனுஷன்னா கோவம் வரணும். அடிச்சா திருப்பி அடிக்காதவன்கூட எப்படிடா சண்ட போடுறது? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டாரு.

அப்புறம் இன்னொரு கூத்து. எங்க தொழில்ல பரிமாறுறவன் கடைசியிலதான் சாப்பிடுவான். எல்லாப் பந்தியும் முடிஞ்சு, எலையெல்லாம் எடுத்து, நாலு மணிக்கு மேல மிச்சம் இருக்கறத வழிச்சுப் போட்டுக்கணும். பெரும்பாலும் அடி ரசமும் ஊறுகாயும்தான். பாயசம் அண்டாவுல ஒட்டிக்கிட்டு இருக்கும், கரண்டியால சொரண்டணும். இவரு வந்து, “மொதப் பந்திக்கு முன்னாடி நீங்க உக்காருங்க”ங்கறாரு. சமையல் மாஸ்டர் எகிறுனாரு. “எலை போட்ட வீட்டுக்காரன் சாப்பிடல, வேலக்காரனுக்கு வடையா?” இவரு மெதுவா, “பசியோட பரிமாறுறவன் கண்ணு எலையில இருக்கும் மாஸ்டர், சாப்பிடுறவங்க மேல இருக்காது”ன்னாரு. கிளாஸுல எழுதிக் குடுத்திருப்பாங்க போல. நான் வட்டமா உக்காந்தவங்களப் பாத்து சிரிச்ச மாதிரி இதையும் பாத்து சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே ரெண்டு வடை எடுத்துக்கிட்டேன். சூடா வடை வந்தா எடுத்துக்கத்தான் செய்வாங்க. அதுக்காக மரியாத வந்துருமா?

சிரிக்காத லோகு. உனக்கு அந்த பாக்கியமெல்லாம் இல்ல. இப்ப பழைய முறைதான். வரும்போது ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்க.

விஷயத்துக்கு வரேன். எங்கள்ல ஒருத்தன் சகாயராஜ். லால்குடி தாண்டி ஏதோ கிராமம். வாயத் தொறக்க மாட்டான். அவன்கிட்ட மணி கேட்டா வாட்ச்ச நீட்டுவான். அப்படி ஒரு ஆளு. தை மாசம், வரிசைக்கு ஒருத்தர பொறுப்பா போடப் போறேன்னாரு கோகுல் சாரு. எல்லாரும் என்னத்தான் பாத்தானுங்க. ஏன் பாக்க மாட்டானுங்க? இந்த மொத்தக் கூட்டத்துல நாலு பேரு முன்னாடி நின்னு பேசத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நான் சொன்னா சிரிப்பானுங்க, நான் நின்னா நிப்பானுங்க. மொத வரிசைக்கு யாரப் போட்டாரு தெரியுமா? சகாயராஜ! மொத வரிசையிலதான்டா சம்பந்தி உக்காருவாங்க, பெரிய மனுஷங்க உக்காருவாங்க. அங்க போயி இந்தக் கல்லுப் பிள்ளையார!

நேரா போயிக் கேட்டேன். “சார், எனக்கு என்ன கொற?”

கழுத்த சாய்க்கல. நேராப் பாத்தாரு. “உங்களுக்குக் கொறயே இல்ல திவாகர். எல்லாரையும் சிரிக்க வைக்கத் தெரியுது, அது லேசான விஷயம் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒருத்தன கீழ போட்டுத்தான் சிரிக்க வைக்கிறீங்க. சகாயராஜ் பந்தியில யாரு தண்ணி கேக்கத் தயங்குறாங்கன்னு பாக்கறாரு. நீங்க யாரு சிரிக்கறாங்கன்னு பாக்கறீங்க. அடுத்த சீசன்ல நீங்கதான். அதுவரைக்கும் அவரோட கொஞ்சம் நில்லுங்க.”

கேட்டியா? நான், சகாயராஜோட நிக்கணுமாம். கத்துக்கணுமாம். என்னத்தக் கத்துக்கறது, வாட்ச்ச நீட்டவா? எம்.பி.ஏ. படிச்சவனுக்கு ஆள எடைபோடத் தெரியலன்னா பாத்துக்க. மக்களோட பழகுற திறமைங்கறானுங்க, அது இதுதான். வாயில்லாதவனப் புடிச்சு மேல வெச்சா எதுத்துப் பேச மாட்டான், அதுக்குப் பேரு பண்பு.

பங்குனியில மண்ணச்சநல்லூர்ல ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பா அங்க ரைஸ் மில்லு வச்சிருக்கவரு. மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசின்னா உங்களுக்கே தெரியும். மாப்ள வீடு முசிறி. சாம்பசிவம் வண்டி ஏத்தும்போதே சொல்லிட்டாரு. “கோகுலு, இது பெரிய எடம். இத ஒரு சொல்லு வராம முடிச்சுட்டு வா. வந்தவுடனே பாதிய எழுதி உன் கையில குடுக்கறேன்.” அதுதான் அவருக்குப் பரீட்ச. எங்க எல்லாருக்கும் தெரியும்.

இப்ப உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்றேன், கவனிங்க. பந்தியில சாம்பாரு ரெண்டு தடவ வரணும். அப்புறம் வத்தக்குழம்பு. அதுக்குப் பொறகுதான் ரசம். ரசம் வாளி வரிசைக்குள்ள வந்துட்டா, “ஐயா போதும், முடிச்சுக்கங்க”ன்னு அர்த்தம். உள்ள சோறு கொறஞ்சுக்கிட்டு வருதுன்னா நாங்க சாம்பார ஒரு சுத்தோட நிறுத்திட்டு சீக்கிரமா ரசத்த எறக்கிருவோம். ரசம் வந்துட்டா எவனும் மறுசோறு நெறைய கேக்க மாட்டான். விவரம் தெரிஞ்சவன் ரசம் முந்தி வந்தா புரிஞ்சுக்குவான், இந்த வீட்டுல சோறு பத்தலன்னு. அதனால ரசம் எப்பன்னு சொல்ற உரிம ஒருத்தருக்குத்தான். சூப்பர்வைசருக்கு.

சாம்பசிவம் காலத்துல வாசல்ல இருந்து, “ரசம் விடுறா நாயே!”ன்னு ஒரு சத்தம் வரும். அந்தத் தொண்டையில வேற எவனும் கத்த முடியாது. தப்பே நடக்காது. இவருக்குக் கத்துனா புடிக்காதே! “சாப்பிடறவங்க காதுல நம்ம வேல விழக் கூடாது. நான் யாருகிட்டயாவது சொல்லி அனுப்பறேன். என் பேரச் சொல்லி நம்ம ஆளு ஒருத்தர் வந்து சொன்னா, நம்பிச் செய்யுங்க. நம்ம ஆளுங்கள நாமளே நம்பலன்னா எப்படி?” இதுதான் அவரு சட்டம். நம்பிக்க. புரியுதா? வாசக்கதவத் தொறந்து வெச்சுட்டு, திருடன் வர மாட்டான்னு நம்பறது.

ரெண்டாவது பந்தி. மொத வரிசையில முசிறிக்காரங்க. நடுவுல மாப்ளையோட பெரியப்பா. வெள்ள மீச, கழுத்துல அங்கவஸ்திரம், பாத்தாலே தெரியும் அந்த வீட்டுக்கு அவருதான் எல்லாம்னு. பொண்ணும் மாப்ளையும் எதிர் வரிசையில ஜோடியா உக்காந்திருக்காங்க. சகாயராஜ் மொத வரிசைய பாத்துக்கறான். மொகத்துல ஒரு இது. அவன் சட்டய இன் பண்ணியிருக்கான்டா! பொறுப்பாம்! நான் நாலாவது வரிசையில கூட்டு வாளியோட நிக்கிறேன். கோகுல் சாரு உள்ள மாஸ்டர்கிட்ட பேசிக்கிட்டிருக்காரு.

நான் போனேன். “சகா, சார் ரசம் விடச் சொன்னாரு.”

அவ்வளவுதான்.

“இப்பவா? ஒரு சுத்துதானே சாம்பாரு போயிருக்கு?” அவன் வாயில இருந்து அவ்வளவு நீளமா நான் கேட்டதே இல்ல.

“எனக்கென்னடா தெரியும். சார் சொன்னாரு, சொல்லிட்டேன்.”

ஏன் அப்படிப் பாக்கற கிரி? வெளையாட்டுக்குடா. ரசம் உள்ள போகும், ரெண்டு எலைக்கு விழும், அதுக்குள்ள கோகுல் சாரு வெளிய வந்து பாப்பாரு, பதறுவாரு, ஓடி வருவாரு. அந்த ஓட்டத்த வெச்சு எனக்கு ஒரு மாசத்துக்கு வண்டியில பொழுது போகும். சகாயராஜ் பே பேன்னு முழிப்பான். அவ்வளவுதான் என் கணக்கு. எவன்டா பெரியப்பன் இப்படி மானஸ்தனா இருப்பான்னு கண்டான்?

பெரியப்பா அப்பத்தான் சாம்பார் சோத்தப் பெசஞ்சு வாயில வைக்கிறாரு. எலையில ரசம் விழுந்து ஓடுது. வெச்ச கை அப்படியே நின்னுபோச்சு. வாளியப் பாத்தாரு. சகாயராஜப் பாத்தாரு. பக்கத்து எலையப் பாத்தாரு, அங்கயும் ரசம். மெதுவாத்தான் சொன்னாரு, ஆனா மண்டபம் பூரா கேட்டுச்சு.

“மண்ணச்சநல்லூர்ல மில்லு வச்சிருக்கவரு வீட்டுல சோறு இல்லையாம்ப்பா. எந்திரிங்க.”

எலைய மூடாம எந்திரிச்சுட்டாரு. அவரு எந்திரிச்சா அந்த வரிசையே எந்திரிக்குது. சம்பந்தி பாதி எலையில எந்திரிச்சா என்னன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? பொண்ணோட அப்பா எங்கிருந்தோ ஓடி வர்றாரு, வேட்டி தடுக்குது. ஊருக்கே அரிசி அனுப்பற மனுஷன், “சம்பந்தி, சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி”ன்னு கையப் புடிக்கிறாரு, அவரு ஒதறுறாரு. எதுத்தாப்ல அந்தப் பொண்ணு கையில லட்டு. கடிக்கவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல. அப்படியே புடிச்சுக்கிட்டு அவங்க அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சரி, அத விடு.

கோகுல் சாரு வெளிய வந்தாரு. நான் எதிர்பாத்த ஓட்டம் வரல. நடந்துதான் வந்தாரு. அதே நேரத்துக்கு சாம்பசிவமும் வாசல்ல வந்து நிக்கிறாரு. வீட்டுக்காரங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தவரு, இத பாத்துட்டாரு.

“எவன்டா ரசம் விடச் சொன்னது?”

சகாயராஜ் வாளியக் கீழ வெச்சான். “மொதலாளி… திவா… திவா…”

நான் கூட்டு வாளிக்குள்ள பாத்தேன். அதுல பாக்க ஒண்ணும் இல்ல, பூசணிக்காதான்.

“நான்தான் மாமா சொன்னேன்”னாரு கோகுல் சாரு. “உள்ள கணிப்பு தப்பாயிடுச்சு. அவரு நான் சொன்னதத்தான் செஞ்சாரு.”

பாத்தியாடா? சகாயராஜ் என் பேர ரெண்டு தடவ சொல்றான். இவரு காதுல விழல! காது குடுத்துக் கேக்கறதுதான் பெரிய பண்புன்னு வட்டமா உக்கார வெச்சு வகுப்பெடுத்தவருக்கு, கேக்க வேண்டிய எடத்துல காது அடைச்சுப்போச்சு. அன்னைக்கு எனக்கு அவரு மேல இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதயும் போச்சு.

நேரா அந்தப் பெரியப்பாகிட்ட போனாரு. கால்ல விழப் போறாருன்னு நெனச்சேன், அதுவும் இல்ல. “ஐயா, தப்பு எங்களோடது, பொண்ணு வீட்டுது இல்ல. என் பேச்ச நம்ப வேணாம். சமையக்கட்டுக்கு வந்து நீங்களே ஒரு தடவ பாத்துருங்க. அதுக்குப் பொறகும் போறதுன்னா நானே வண்டி வரைக்கும் வரேன்”னாரு. சம்பந்திய சமையக்கட்டுக்குக் கூப்பிடுறாருடா! எவனாச்சும் செய்வானா? பெரியப்பா முறைச்சாரு. முறைச்சுட்டுப் போனாரு. உள்ள வெள்ளத்துணி விரிச்சு மேல வடிச்சுக் கொட்டியிருக்கு சோறு, ஆவி பறக்குது, என் இடுப்பு ஒசரம். அந்தாளு கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு. வெளிய வந்து, “புது எலை போடச் சொல்லு”ன்னாரு. எல்லாரும் உக்காந்துட்டாங்க. கோகுல் சாரே சாம்பார் ஊத்துனாரு. ரெண்டு சுத்து. அப்புறம் பெரியப்பா பொண்ணோட அப்பாவ பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாரு.

எல்லாரும் அத பெருசாப் பேசறானுங்க. கோகுல் சாரு பேசிச் சமாளிச்சாராம். பேச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோத்தோட வாசன. பசிச்ச மனுஷன் அவ்வளவு சோத்தப் பாத்தா எவனா இருந்தாலும் உக்காருவான்.

ஆனா சாம்பசிவம் உக்காருவாரா? பந்தி முடிஞ்ச கையோட கைகழுவுற எடத்துல நிறுத்தி, எங்க எல்லார் முன்னாடியும் ஆரம்பிச்சாரு. “சொல்லி அனுப்பறாராம், சொல்லி! பண்பாம், மயிராம். இருவது வருஷமா என் பந்தியில ஒருத்தன் பாதி எலையில எந்திரிச்சதில்ல. நீ இன்சூரன்ஸ் விக்கத்தான்டா லாயக்கு. நாளைல இருந்து வராத.” அக்கா மகன்னும் பாக்கல. கோகுல் சாரு ஒரே ஒரு தடவ, “மாமா, வீட்டுல பேசிக்கலாம்”னாரு. அதுக்கும் ஒரு கெட்ட வார்த்த விழுந்துச்சு. ஷாகுலு அப்பளக் கூடை மூடியத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருந்தான்.

சாயங்காலம் சாமான் ஏத்தும்போது என்கிட்ட வந்தாரு. வர்றாருன்னு தெரிஞ்சதும் நான் பத்து பதில் ரெடி பண்ணிட்டேன். வெளையாட்டுக்கு சார். சகா தப்பா கேட்டுட்டான் சார். நீங்கதான் சார் அன்னைக்கு அப்படிப் பேசுனீங்க. எல்லாம் நாக்கு நுனியில நிக்குது. அவரு ஒண்ணுமே கேக்கல. “திவாகர், சகாயராஜ் பயந்துபோயிருக்காரு. பசங்க அவர ஓட்டாம பாத்துக்கங்க. நீங்க சொன்னா கேப்பாங்க”ன்னாரு. போயிட்டாரு. பஸ்ஸுல போனாரு, மாமா வண்டியில ஏறல.

சண்ட போடத் தெரியாத ஆளுடா. நாலு அறை விட்டிருக்கலாம். சாம்பசிவத்துகிட்ட என்னக் காட்டிக் குடுத்திருக்கலாம். பாதிக் கல்யாணம் போகுது, பொண்டாட்டி மாசமா இருக்கா, அப்பக்கூட ஒரு சப்ளை பையன பாத்துக்கங்கறான். இவனெல்லாம் எப்படி உருப்படுவான்? ஹோட்டல்ல கத்துக்குடுத்தவனக் கூப்பிட்டு வந்து நிக்க வெச்சுக் கேக்கணும், இதுக்கு எந்தப் பக்கத்துலய்யா பதில் இருக்குன்னு.

சகாயராஜ் மறுநாள்ல இருந்து வரல. நான் ஓட்டவே இல்ல, சாமி சத்தியமா. அதுக்கு அவன் சந்தர்ப்பமே குடுக்கல.

சாம்பசிவம் என்னக் கூப்பிட்டு, “வாயி இருக்கறவன் நீ ஒருத்தன்தான், நீ மேய்டா”ன்னாரு. இப்படித்தான் நான் சூப்பர்வைசர் ஆனேன். வட்டம் கெடையாது, கழுத்து சாய்க்கறது கெடையாது. வாசல்ல நின்னு, “ரசம் விடுறா!”ன்னு நானே கத்தறேன். தொண்ட இன்னும் சரியா வரல. ரெண்டு தடவ கத்த வேண்டியிருக்கு. வண்டியிலதான் முன்ன மாதிரி இல்ல. ஏதாச்சும் அடிச்சு விட்டா சிரிக்கறானுங்க, ஆனா என் மூஞ்சியப் பாத்துட்டு அப்புறமா சிரிக்கறானுங்க. சூப்பர்வைசர் ஆனா அப்படித்தான் இருக்கும்.

என்ன கிரி? அவரு இப்ப எங்கன்னா… சென்னையிலதான். பழைய கம்பெனி சேத்துக்கலையாம். வேற எங்கயோ அலையறாராம். பொண்ணு பொறந்திருக்காம். டீக்கடைக்காரருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவரையே கேளு.

திரும்ப வர மாட்டாரான்னா? இந்தா, அந்த வண்டிதான் வருது, எந்திரிங்க. லோகு, அந்தக் கூடையத் தூக்கு. என்னடா, மூணு பேரும் என்னையே பாத்துக்கிட்டு? சரி, கேட்டுட்ட, சொல்லிடறேன். போன செவ்வாக்கெழம அந்த முசிறிப் பெரியப்பா சாம்பசிவத்துக்கு ஃபோன் போட்டிருக்காரு. பேத்திக்குக் காதுகுத்தாம். “அன்னைக்கு என்ன சமையக்கட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சே, அந்தத் தம்பி வந்து நின்னாத்தான் ஆர்டர உங்களுக்குத் தருவேன்”னுட்டாரு. சாம்பசிவத்துக்கு மனசு எறங்கிருச்சு. என்னக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. “டேய் திவா, அவசரப்பட்டுட்டேன்டா. அவன வரச் சொல்லவா? நான் கேட்டா பசங்க பயந்துகிட்டு உண்மையச் சொல்ல மாட்டானுங்க. நீ அவனுங்களோட இருக்கறவன். அவனுங்க என்ன சொல்றானுங்க?”ன்னாரு.

“பசங்களுக்கு அவரப் புடிக்கல மொதலாளி. அவரு வந்தா பாதிப் பேரு நின்னுருவானுங்க”ன்னேன்.

நான் ஒருத்தன்கிட்டயும் கேக்கல.